சாத்தம் உலர்துறையில் எச்.எம்.எஸ். கேவலியர்: நாசகாரிக் கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்களில் (டெஸ்ட்ராயர்) இன்று முழு உருவத்தோடு எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் எச்.எம்.எஸ். கேவலியர். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், மெட்வே ஆற்றங்கரையிலுள்ள சாத்தம் வரலாற்றுக் கப்பல்துறையில், இரண்டாம் எண் உலர்துறைக்குள் அது நிற்கிறது. நெல்சனின் புகழ்பெற்ற விக்டரி கப்பல் 1759ஆம் ஆண்டு முதல் கட்டப்பட்டு 1765இல் நீரில் இறங்கியதும் இதே துறைதான். லண்டனிலிருந்து விரைவு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் சாத்தம் வந்துவிடலாம். சென்ற கோடையில் என் தமக்கையின் பதின்மூன்று வயது மகனை அழைத்துக்கொண்டு போய் ஒரு முழுப் பகலை அங்கே கழித்தேன். போர்க்கப்பல் அருங்காட்சியகங்களில் எனக்கு நல்ல அனுபவமும் உண்டு, கசந்த அனுபவமும் உண்டு. வேறொரு நாட்டில் பார்த்த ஒரு கப்பலில் மெழுகுப் பொம்மைகளுக்குச் சீருடை மாட்டி, ஒலிபெருக்கியில் குண்டுச் சத்தத்தை ஓயாமல் ஒலிக்கவிட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் தலைவலியோடு இறங்கிவிட்டேன். கேவலியரிலிருந்து எங்களை இறக்கியது பசிதான்.

கப்பலில் ஏறுவதற்கு முன் உலர்துறையின் விளிம்பில் நின்று சற்று நேரம் கீழே பாருங்கள். மிதக்கும் அருங்காட்சியகக் கப்பல்களில் நீருக்கு மேலுள்ள பாதிதான் கண்ணுக்குத் தெரியும். இங்கே தண்ணீர் வடிக்கப்பட்டிருப்பதால் அடிப்பகுதியும் சேர்ந்து தெரிகிறது. நீளம் 363 அடி, அகலம் 36 அடிக்கும் சற்றுக் குறைவு. அகலத்தைப் போலப் பத்து மடங்கு நீளம் என்ற இந்தக் கணக்கில்தான் நாசகாரிக் கப்பலின் முழுச் சுபாவமும் அடங்கியிருக்கிறது. கவசத் தகடு என்று சொல்லத்தக்கது எதுவும் இதற்குக் கிடையாது. மெல்லிய எஃகு உடலுக்குள் இரண்டு கொதிகலன்களையும் 40,000 குதிரைத்திறன் கொண்ட டர்பைன்களையும் அடைத்து, மணிக்கு 36 கடல்மைல் வேகத்துக்கு ஓடும்படி செய்திருக்கிறார்கள். எதிரியின் குண்டுக்கு இதனிடமிருந்த மறுமொழி வேகம் ஒன்றுதான்.

வைட் தீவின் கிழக்குக் கௌஸ் ஊரில் ஜே. சாமுவேல் ஒயிட் நிறுவனத்தின் தளத்தில் 1943 மார்ச்சில் கட்டத் தொடங்கினார்கள். 1944 ஏப்ரல் 7 அன்று நீரில் இறக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் வெல்டிங் செய்யப்பட்டவை, நடுப்பகுதி மட்டும் ரிவெட் அடிக்கப்பட்டது. பழைய முறை புதிய முறைக்கு இடம் விட்டுக்கொண்டிருந்த காலத்தின் தடம் அது. ரிவெட் தலைகள் வரிசை வரிசையாகத் தெரிந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுபோவதை என் மருமகன்தான் முதலில் கண்டுபிடித்தான். இங்கே ஒரு கிளைக்கதையும் சொல்ல வேண்டும். 1942 மே மாதத்தில் ஜெர்மன் விமானங்கள் கௌஸ் நகரின்மீது குண்டு வீசியபோது, அங்கே பழுதுபார்ப்பில் இருந்த பிளிஸ்காவிட்சா என்ற போலந்து நாசகாரி தன் பீரங்கிகளால் நகரைக் காத்தது. அதுவும் அதே ஒயிட் தளத்தில் பிறந்த கப்பல்தான். இன்று போலந்தின் கிதினியா துறைமுகத்தில் அருங்காட்சியகமாக மிதந்துகொண்டிருக்கிறது. ஒரே தளத்தில் பிறந்த இரண்டு நாசகாரிகள் இரண்டு நாடுகளில் இப்படிப் பிழைத்துக் கிடப்பது அபூர்வம்.

ஏறியதும் எல்லோரும் பீரங்கிகளை நோக்கித்தான் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கட்டளை மேடை என்பது என் கருத்து. அதற்குக் கூரை கிடையாது. 1950களில் நவீனமாக்கப்பட்ட இதே வகைக் கப்பல்கள் சிலவற்றுக்குக் கண்ணாடி வைத்து மூடிய மேடை கட்டிக் கொடுத்தார்கள். கேவலியருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆர்க்டிக் கடலின் பனிக்காற்றிலும் சிங்கப்பூரின் கொட்டும் மழையிலும் கப்பலை நடத்துபவர் திறந்த வானத்தின் கீழ்தான் நின்றார். அலை முகத்தில் அறைவதைத் தடுக்க மார்பளவு தடுப்பு ஒன்றுதான் இருந்தது. கடலில் இருக்கும் நாள்களில் நாசகாரிக் கப்பலின் தளபதி தன் வசதியான அறைக்கே போக மாட்டார். மேடைக்கு அருகிலேயே ஒரு சிற்றறையில் உடுப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணயர்வார். குரல் கேட்டதும் சில நொடிகளில் மேலே வந்துவிட வேண்டும்.

"மாமா, இந்தக் கப்பலுக்கு கேப்டன் யாரு?" என்று மருமகன் கேட்டான். நேரான கேள்விதான், பதில் சற்று வளைந்தது. நாசகாரிக் கப்பலை நடத்தியவர் பெரும்பாலும் பதவியில் கேப்டனாக இருப்பதில்லை. லெப்டினன்ட் கமாண்டராகவோ கமாண்டராகவோ இருப்பார், முப்பதுகளில் இருக்கும் இளைஞராகவும் இருப்பார். ஆனாலும் தன் கப்பலில் எல்லோருக்கும் அவர்தான் கேப்டன். ஒரு படைப்பிரிவின் பல நாசகாரிகளுக்குச் சேர்த்துத் தலைமை தாங்குபவர் மட்டும் பதவியிலும் கேப்டனாக இருப்பார். கேவலியரைப் போருக்கு அழைத்துச் சென்ற முதல் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் டி. டி. மக்பார்னெட். அவருக்குப் பின் 1972 வரை பலர் வந்து போனார்கள். பெரிய போர்க்கப்பல்களின் தளபதிகளைப் போல இவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களின் முதல் பக்கங்களுக்கு வந்ததில்லை. இரண்டு ஆண்டு பொறுப்பேற்பது, பின்பு வேறு கப்பலுக்கோ கரைப்பணிக்கோ போவது என்பதுதான் அவர்களின் வழக்கம். மேடையில் நின்று முன்பக்கத்து இரண்டு பீரங்கிகளின் முதுகைப் பார்க்கும்போது, அந்த இடத்தின் சிறுமைதான் மனத்தில் பதிகிறது. ஏறக்குறைய இருநூறு பேரின் உயிரைக் கையில் வைத்திருந்தவருக்கு நடமாடக் கிடைத்த இடம் நம் வீட்டுத் திண்ணை அளவுகூட இல்லை.

1945 பிப்ரவரியில் நார்வே கடலோரத் தாக்குதல்களில் கேவலியர் முதன்முதலாக ஈடுபடுத்தப்பட்டது. பிறகு சோவியத் நாட்டின் கோலா வளைகுடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆர்.ஏ. 64 என்ற சரக்குக் கப்பல் தொடருக்குத் துணையாக அனுப்பப்பட்டது. அந்தத் தொடரின் கதை கொடியது. வளைகுடாவின் வாசலிலேயே நீர்மூழ்கிகள் காத்திருந்தன. புளூபெல் என்ற சிறு காவல்கப்பல் டார்பிடோ பட்டு வெடித்துச் சிதறியதில் ஒரே ஒருவர்தான் உயிர் தப்பினார். அடுத்து வந்த புயல் கப்பல்களைத் திசைக்கொன்றாகச் சிதறடித்தது. தொடரை விட்டுப் பின்தங்கிய ஹென்றி பேகன் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை பிப்ரவரி 23 அன்று ஜெர்மன் விமானங்கள் மூழ்கடித்தன. அதில் இருந்த நார்வே அகதிகளுக்கு உயிர்காப்புப் படகுகளில் இடம் கொடுத்துவிட்டு, மாலுமிகள் பலர் கப்பலோடு மூழ்கினார்கள். சிதறிய கப்பல்களைத் தேடிச் சேர்த்துக் கரைசேர்க்கும் பணியில் கேவலியர் பங்கேற்றது. 'ஆர்க்டிக் 1945' என்ற போர்ச்சிறப்பு அதற்குக் கிடைத்தது இந்தப் பயணத்துக்காகத்தான். போர்ச்சிறப்பு என்றதும் யாரையோ சுட்டு வீழ்த்தியதாக நினைத்துக்கொள்கிறோம். இங்கே பட்டம் கிடைத்தது, காணாமற்போன ஆடுகளைத் தேடிப் பட்டிக்கு ஓட்டி வந்ததற்கு.

கீழே மாலுமிகள் வாழ்ந்த தளத்துக்கு இறங்கும்போது இந்தக் கதை நினைவில் இருந்தால் நல்லது. போர்க்காலத்தில் மாலுமிகள் படுத்தது ஏணை போல உத்தரத்திலிருந்து தொங்கும் துணிப்படுக்கையில். சாப்பிடும் மேசைக்கு மேலேயே படுக்கை, படுக்கைக்கு மேலே குழாய்கள், குழாய்களிலிருந்து சொட்டும் ஈரம். குளிர்க் கடலில் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றே எஃகுச் சுவரில் நீராகப் படிந்து வழிந்ததாம். நள்ளிரவுக் காவலில் நிற்பவருக்குக் கெட்டிச் சாக்லேட்டைச் சுரண்டிப் போட்டுக் காய்ச்சிய 'கை' என்ற பானம் வரும். ஒவ்வொரு நாளும் ரம் பங்கீடும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையில் அந்தப் பங்கீடு 1970 ஜூலை 31 அன்று நிறுத்தப்பட்டது. கேவலியர் அப்போதும் பணியில் இருந்தது என்பதால், ஆர்க்டிக் குளிரில் ரம் ஊற்றிய கப்பலே கடைசி ரம் கோப்பையையும் பார்த்தது என்று சொல்லலாம்.

ஐரோப்பாவில் போர் முடிந்ததும் கப்பலைக் கிழக்கே அனுப்பினார்கள். இந்தப் பகுதியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று அந்தப் பீரங்கிகளின் முன் நிற்கும்போதே முடிவு செய்துகொண்டேன். 1945 நவம்பரில் இந்தோனேசியாவின் சுரபயா நகரில், டச்சு ஆட்சி திரும்பி வருவதை ஏற்காத விடுதலைப் படைகளுக்கும் பிரிட்டிஷ் படைகளுக்கும் பெரும் சண்டை மூண்டது. அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் படைத் தளபதி பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, நவம்பர் 10 அன்று நகரின்மீது முழுத் தாக்குதல் தொடங்கியது. கரையில் இறங்கிப் போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். கடலிலிருந்து அவர்களுக்குத் துணையாகச் சுட்ட கப்பல்களுள் கேவலியரும் ஒன்று. இந்தோனேசியர்கள் நவம்பர் 10ஆம் நாளை இன்றும் வீரர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். தன் நாட்டு விடுதலைக்குக் காத்திருந்த இந்தியச் சிப்பாய், இன்னொரு நாட்டு விடுதலையை எதிர்த்துச் சுட வேண்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் நின்று அதிர்ந்த பீரங்கி, இதோ கையெட்டும் தூரத்தில், புதுச் சாம்பல்நிற வண்ணத்தில் பளபளக்கிறது.

மூன்று மாதங்கள் கழித்து, 1946 பிப்ரவரியில், கேவலியர் பம்பாய்க்கு அனுப்பப்பட்டது. அப்போது அங்கே என்ன நடந்தது என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். தல்வார் என்ற கடற்படைத் தகவல்தொடர்புப் பயிற்சி நிலையத்தில் பிப்ரவரி 18 அன்று மாலுமிகள் சாப்பிட மறுத்தார்கள். கெட்டுப்போன உணவு ஒரு காரணம். தளபதியாக இருந்த கமாண்டர் கிங் என்பவர் இந்திய மாலுமிகளைப் பிறப்பைப் பழிக்கும் சொற்களால் ஏசியது இன்னொரு காரணம். சில நாள்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கும் ஏறத்தாழ இருபதாயிரம் மாலுமிகளுக்கும் அது பரவிற்று. கப்பற்படையே அழிந்தாலும் கிளர்ச்சியை ஒடுக்குவோம் என்று இந்தியக் கடற்படையின் பிரிட்டிஷ் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரி வானொலியில் எச்சரித்தார். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கிளாஸ்கோ என்ற பெரிய குரூசர் கப்பலும் பம்பாயை நோக்கிக் கிளம்பியது. பட்டேலும் மற்றத் தலைவர்களும் பேசியதன் பேரில் 23ஆம் தேதி மாலுமிகள் பணிந்தார்கள். சென்னையிலும் அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு தளபதியின் நாக்கு ஒரு கடற்படையையே எழுப்பிவிட்ட கதை இது. கேவலியரின் கட்டளை மேடையிலிருந்து மாலுமிகளின் படுக்கைத் தளத்துக்கு ஓர் ஏணி, சில எட்டுகள், அவ்வளவுதான் தூரம். குளிரும் ஈரமும் அபாயமும் இருவருக்கும் பொது. தல்வார் கரையில் இருந்தது. அங்கே அந்தத் தூரத்தை நிறமும் பதவியும் அளந்தன. பிரிட்டிஷ் கடற்படையின் தியாகத்தைப் போற்றும் இடமாகவே பலரும் இந்தக் கப்பலுக்கு வருகிறார்கள், அதில் தவறில்லை. பம்பாயையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரும் இந்தியருக்கு இது ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களாகத் தெரியும்.

அதன் பிறகு கப்பல் இங்கிலாந்து திரும்பிச் சேமக் கப்பல்களோடு முடங்கிக் கிடந்தது. 1955க்கும் 1957க்கும் இடையில் நவீனமாக்கினார்கள். டார்பிடோக் குழாய்களில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஸ்க்விட் மோர்ட்டார்களை வைத்தார்கள். நான்கு பீரங்கிகளில் ஒன்று போய் மூன்று எஞ்சின. 1960களில் விமானங்களைச் சுடும் சீகேட் ஏவுகணையும் வந்து சேர்ந்தது. ஆகவே நீங்கள் இன்று பார்ப்பது 1945இன் கப்பல் அன்று. 1944இல் பிறந்து, 1972இல் ஓய்வுபெற்றபோது இருந்த உடுப்போடு நிற்கும் கப்பல். போர்க்காலத் தோற்றத்துக்கே திருப்பியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கிழவியின் முகச்சுருக்கத்தை மறைத்து மணப்பெண்ணாக்கிக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஆண்டுகளில் நினைவில் நிற்பது 1962 டிசம்பர். புரூணையில் கிளர்ச்சி வெடித்ததும், சிங்கப்பூரிலிருந்து சுமார் 180 படைவீரர்களை ஏற்றிக்கொண்டு கேவலியர் விரைந்தது. இருநூறு பேருக்கே இடம் போதாத கப்பலில் இன்னும் 180 பேர் எங்கே நின்றார்கள், எங்கே உறங்கினார்கள் என்பதைக் கப்பலைச் சுற்றி வந்தவர்தான் வியக்க முடியும். 1964இல் லைபீரியக் கொடி பறக்கவிட்ட பர்கன் என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதிச் சேதமடைந்தது. பழுது நீங்கி மீண்டும் பணிக்கு வந்தது.

கப்பலைப் பற்றி எல்லோரும் ஆசையாகச் சொல்லும் கதை 1971 ஜூலை 6 அன்று நடந்த ஓட்டப்பந்தயம். கடற்படையின் வேகமான கப்பல் எது என்று கேவலியருக்கும் ரேப்பிட் என்ற போர்க்கப்பலுக்கும் வழக்கு. 64 கடல்மைல் தூரம் இரண்டும் அருகருகே ஓடின. இறுதிக் கட்டத்தில் ரேப்பிட்டின் கொதிகலன் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு நீராவி வீணாயிற்று. வெறும் 30 கஜம் முன்னால் சென்று கேவலியர் வென்றது. சராசரி வேகம் மணிக்கு 31.8 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 59 கிலோமீட்டர். இருபத்தேழு வயதுக் கப்பலுக்கு இது சாதாரணமன்று. தோற்ற கப்பலுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. ரேப்பிட் 'ஆர்' வகுப்பைச் சேர்ந்தது. அதன் உடன்பிறப்புகளான ராதரம், ரைடர், ரிடவுட் ஆகிய மூன்றும் 1949இல் இந்தியக் கடற்படைக்கு வந்து ராஜ்புத், ராணா, ரஞ்சித் ஆயின. ரேப்பிட் பந்தயத்தில் தோற்று ஐந்து மாதங்கூட ஆகாத 1971 டிசம்பரில்தான், விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்குண்டுகளே அதற்குக் காரணம் என்பது இந்தியத் தரப்பு, தான் வைத்த கண்ணிவெடியாலேயே அழிந்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. ராஜ்புத் இன்று இல்லை. ரேப்பிட்டையும் 1981இல் பயிற்சி இலக்காக்கி மூழ்கடித்துவிட்டார்கள். அந்தக் கப்பல்களின் உள்ளமைப்பு எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்பும் இந்தியர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று அரிது.

ஓய்வுக்குப் பிந்தைய அலைச்சல், பணிக்காலத்தைவிடத் துயரமானது. 1972இல் இதே சாத்தத்தில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட கப்பலை, 1977இல் ஓர் அறக்கட்டளை 65,000 பவுண்டுக்கு வாங்கியது. 1982இல் சவுத்தாம்ப்டனில் காட்சிக்கு வைத்தார்கள், வருமானம் போதவில்லை. மறு ஆண்டு பிரைட்டனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கும் நிலைக்கவில்லை. 1987இல் வடக்கே டைன் ஆற்றங்கரையின் ஹெப்பர்ன் தளத்துக்குப் போனது. கப்பல்கட்டும் கலைக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் அமையும், அதன் நடுவில் கேவலியர் நிற்கும் என்பது திட்டம். அதுவும் கைகூடவில்லை. துருவேறி, உடைத்து இரும்பாக விற்கப்படும் நிலைக்கு வந்த கப்பலை 1998 மே மாதம் சாத்தம் ஏற்றுக்கொண்டது. போர்க்கப்பலை வாங்குவது எளிது, வைத்துக் காப்பதுதான் கடினம் என்பதற்கு இந்த ஊர் மாற்றங்களே சாட்சி. யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

ஹெப்பர்ன் என்ற பெயர் நாசகாரி வரலாற்றில் வேறொரு காரணத்தால் பெரிது. மவுண்ட்பேட்டன் நடத்திய கெல்லி கப்பல் பிறந்த தளம் அது. பின்னாளில் இந்தியாவின் கடைசி வைசிராயாக வந்தவரேதான். கெல்லி 1939 டிசம்பரில் கண்ணிவெடியில் சிக்கியது, 1940 மார்ச்சில் இன்னொரு நாசகாரியோடு உரசியது, மே மாதத்தில் டார்பிடோ பட்டு 27 பேரைப் பறிகொடுத்தது. தொண்ணூறு மணி நேரத்துக்கும் மேலாக இழுத்து வரப்பட்டு ஹெப்பர்னிலேயே மீண்டும் உயிர் பெற்றது. 1941 மே 23 அன்று கிரீட் தீவுக்கருகே ஜெர்மன் ஸ்டூகா விமானங்களின் குண்டுபட்டுக் கவிழ்ந்தது. அன்று அதனோடு மூழ்கிய இன்னொரு நாசகாரியின் பெயர் காஷ்மீர். மவுண்ட்பேட்டனின் துணிச்சலை யாரும் மறுப்பதில்லை. கப்பலோட்டும் திறமை அந்தத் துணிச்சலுக்கு ஈடாக இருந்ததா என்பதில் கடற்படை வட்டாரங்களிலேயே கருத்து வேற்றுமை உண்டு. என்னைக் கேட்டால் அன்றைய வீரர் வேறொருவர். கிப்ளிங் கப்பலின் கமாண்டர் ஆப்ரி செயின்ட் கிளேர்ஃபோர்ட், விமானங்கள் திரும்பத் திரும்பத் தாக்கிக்கொண்டிருக்க, நீரில் தத்தளித்த 279 பேரைப் பொறுமையாகப் பொறுக்கி எடுத்தார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம், கேவலியர் தன் கதையை மட்டும் சுமந்து நிற்கும் கப்பல் அன்று என்பதுதான். 2007 நவம்பரில் அதைத் தேசிய நாசகாரி நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். சிற்பி கென்னத் பாட்ஸ் வடித்த வெண்கலச் சிற்பத்தை உலர்துறையின் அருகில் நிறுவியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய 142 பிரிட்டிஷ் நாசகாரிகளுக்கும் அவற்றோடு மாண்ட சுமார் 11,000 பேருக்கும் அது நினைவுச் சின்னம். அந்த 142இல் குளோவர்ம் என்ற கப்பலும் உண்டு. 1940 ஏப்ரல் 8 அன்று லெப்டினன்ட் கமாண்டர் ரூப், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஜெர்மன் குரூசர் அட்மிரல் ஹிப்பர்மீது தன் கப்பலையே மோதினார். விக்டோரியா சிலுவை விருது அவருக்குப் போருக்குப் பிறகுதான் வந்தது, அதுவும் எதிரிக் கப்பலின் தளபதி ஹெய்யே அவருடைய வீரத்தை எழுதி அனுப்பியதன் துணையோடு. இரண்டு நாள் கழித்து நார்விக் வளைகுடாவில் ஐந்து நாசகாரிகளோடு நுழைந்து பத்து ஜெர்மன் நாசகாரிகளைத் தாக்கிய கேப்டன் வார்பர்ட்டன் லீயின் கப்பலான ஹார்டியும் அந்த 142இல் ஒன்று. கட்டளை மேடையில் குண்டு விழுந்து அவர் சாய்ந்தபோது கப்பலைக் கையிலெடுத்தவர், கால் காயம்பட்ட ஸ்டானிங் என்ற கணக்கு அதிகாரி. பேரேடு எழுதியவர் கப்பலைக் கரையேற்றினார். கேவலியரின் கூரையில்லாத மேடையில் சற்று முன் நின்றுவிட்டு வந்தால், அந்தக் குண்டு எவ்வளவு சிறிய இடத்தில் விழுந்தது என்று புரியும்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கப்பலுக்கு மட்டும் தனி நுழைவுச்சீட்டு என்று நினைக்க வேண்டாம். கப்பல்துறை முழுவதற்குமாக ஒரே சீட்டு எடுத்துக்கொள்ளலாம். 1962இல் சாத்தத்தில் நீரில் இறங்கிய ஒசெலாட் நீர்மூழ்கி, விக்டோரியா காலத்துக் கேனட் கப்பல், கால் மைல் நீளக் கூடத்தில் இன்றும் கயிறு திரிக்கும் பழைய கயிற்றாலை என்று பார்க்க நிறைய இருக்கிறது. கேவலியருக்கு மட்டும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடமன்று என்பதால், கிளம்பும் முன் நாள்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஏணிகள் செங்குத்தானவை, வாசல்கள் குறுகலானவை, நிலைப்படிகள் உயர்ந்தவை. முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் மேல்தளத்தோடு நிறைவடைய வேண்டியிருக்கும். இது பராமரிப்பவர்களின் குறை அன்று. இருநூறு இளைஞர்களுக்காகக் கட்டிய கப்பலை நம் வசதிக்கு வளைக்க முடியாது. புடவை, வேட்டி வேண்டாம். வழுக்காத காலணி வேண்டும். முதுகுப்பையை வெளியிலேயே விட்டுவிடுங்கள். ஏணியில் இறங்கும்போது முகத்தை ஏணிப்பக்கம் வைத்து இறங்குங்கள். நான் முதல் ஏணியில் படி பார்த்து இறங்குவதாக நினைத்து முன்பக்கம் பார்த்து இறங்கி, குழாயில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு முறைதான் ஏற முடியும் என்றால் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் உலர்துறையின் விளிம்பு, பிறகு கட்டளை மேடை, அப்புறம் கீழ்த்தளங்கள், பீரங்கிகள் கடைசியில். குழந்தைகள் இந்த வரிசையை ஏற்க மாட்டார்கள். என் மருமகன் பீரங்கியை மூன்று முறை பார்த்தான், மேடையை ஒரு முறை. திரும்பும் ரயிலில் அவன் கேட்டது மட்டும் மேடையைப் பற்றி: "மழை வந்தா கேப்டன் என்ன பண்ணுவார் மாமா?" நனைவார் என்றேன்.